பேராயர் வந்து திறக்கும்வரை

சாய்தளம் கட்டி முடித்தாகிவிட்டது. சிமெண்ட் காய்ந்து, வெள்ளை அடித்து, ஓரத்தில் எவர்சில்வர் கைப்பிடிக் கம்பியும் போட்டாகிவிட்டது. இனி என்ன, ஜெஸ்ஸி சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு கோயிலுக்குள் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். விவரம் தெரியாமல் கேட்கிறீர்கள். சாய்தளத்தின் கீழ்முனையில் குறுக்கே ஒரு சங்கிலி கட்டியிருந்தது. சங்கிலியில் பிளாஸ்டிக் சாமந்திப் பூ சுற்றியிருந்தது. பேராயர் வந்து ஜெபம் செய்து, பிரதிஷ்டை பண்ணித் திறந்து வைக்கும்வரை அதன்மேல் யாரும் ஏறக் கூடாது. யாரும் என்றால் யாரும்தான். யாருக்காகக் கட்டினார்களோ அவளும் சேர்த்தி.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஜெஸ்ஸி தன் பக்கச் சக்கர ஸ்கூட்டியைப் புங்க மரத்தடியில் நிறுத்திவிட்டு, இறங்காமல் அதிலேயே உட்கார்ந்து அந்தச் சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். உள்ளே பாட்டு நடக்கும். வெளியே அவளுக்கு வயிறு எரியும்.

படாளம் கூட்டு ரோட்டிலிருந்து உள்ளே போகிற சாலையில், ஏரிக்கரை ஓரமாக இருக்கிறது அந்த ரட்சகர் ஆலயம். வெள்ளைக்காரப் பாதிரியார் காலத்துக் கட்டடம். ஏரி உடைத்துக்கொண்டாலும் தண்ணீர் உள்ளே வரக் கூடாது என்று ஆள் உயரத்துக்கு அடித்தளம் போட்டு, முன்னால் கருங்கல் படிகளை அடுக்கிக் கட்டிவிட்டுப் போனார். இன்றுவரை தண்ணீர் உள்ளே வந்ததில்லை. ஜெஸ்ஸியும் தானாக உள்ளே போனதில்லை.

இரண்டு வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டு போனது. போலியோ என்று பெயர் சொன்னார்கள்; பெயர் தெரிந்து என்ன ஆகப் போகிறது? அப்பா சின்னையன் சர்க்கரை ஆலையில் கரும்பு லோடு இறக்குகிற வேலையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு அத்தனை படியும் ஏறி, முன்வரிசைப் பாயில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார வைப்பார். அவள் வயதுக்கு வந்த பிறகும் தூக்கினார். அம்மாவுக்கு அது கூச்சமாக இருந்தது, அவருக்கு இல்லை. “கரும்புக் கட்டு தூக்கற தோளு. இதுக்கு இவ இன்னா பாரமா?” என்பார். ஜெஸ்ஸி பள்ளிப் படிப்பை முடித்த வருஷம் அந்தத் தோளும் மண்ணுக்குள் போய்விட்டது.

அதன்பிறகு வாலிபர் சங்கத்தார் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்து, நாலு பேர் நாலு காலைப் பிடித்துத் தூக்குவார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் ஒரு கிறிஸ்துமஸ் அன்று, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு அவள் நடுப்படியில் ஆகாயத்தில் இருந்தபோது, தூக்கியவர்களில் ஒருவனுக்குப் போன் வந்தது. “ஒரு நிமிஷம்க்கா” என்று நாற்காலியை அப்படியே படியில் சாய்வாக இறக்கி வைத்துவிட்டு அவன் பேசப் போனான். மற்ற மூவரும் அவனுக்காக நின்றார்கள். புதுச் சட்டையும் மல்லிகைப் பூவுமாக ஊரே அவளைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறியது. ஏறுகிற ஒவ்வொருவரும் குனிந்து “ஹேப்பி கிறிஸ்மஸ் ஜெஸ்ஸி” என்று கை கொடுத்துவிட்டுப் போனார்கள். அவளும் நாற்காலியின் கைப்பிடியை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு மறு கையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு ஆராதனை முடிந்து கீழே இறக்கியதும் சொன்னாள், “இனிமே என்ன யாரும் தூக்கக் கூடாது.” கோபத்தில் சொல்கிறாள், அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். ஜெஸ்ஸியைத் தெரியாதவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி வெளுத்து, விரிசல் விட்டு, பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் சொன்னது சொன்னபடி நின்றது.

அன்று முதல் அவளுக்கு மரத்தடிதான் கோயில். பிரசங்கம் ஒலிபெருக்கியில் வரும். திருவிருந்து அன்று மட்டும் ஆயர் எல்லாருக்கும் கொடுத்து முடித்த பிறகு, அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்பத்தையும் கிண்ணத்தையும் எடுத்துப் படியிறங்கி வருவார். மழை பெய்தால் ஒருவர் பின்னால் குடை பிடிப்பார். உள்ளே இருக்கிற தலையெல்லாம் வாசல் பக்கம் திரும்பும். “ஜெஸ்ஸிக்குப் பார்சல் போவுது” என்று யாரோ ஒரு தடவை சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. அவளும் சிரித்தாள். வீட்டுக்குப் போய் அந்த ஆளை வண்டி வண்டியாகத் திட்டினாள்.

வேலை மறைமலைநகரில், காருக்கு ரப்பர் பாகங்கள் செய்கிற கம்பெனியில். பிசிறு உள்ளதையும் இல்லாததையும் கையால் தடவிப் பார்த்துப் பிரித்துப் போட வேண்டும். தினமும் ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டியில் போய் வருகிறாள். அந்தக் கம்பெனியிலும் ஆரம்பத்தில் படிதான் இருந்தது. வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்று தெரிந்ததும், வெள்ளிக்கிழமை ஜல்லி கொட்டினார்கள், திங்கட்கிழமை ஜெஸ்ஸி அதில் ஏறி உள்ளே போனாள். பூ இல்லை, சங்கிலி இல்லை. “கம்பெனிக்காரனுக்குப் பயம், அதனால கட்டுனான். கோயிலுக்கு யாரு மேல பயம்?” என்று தம்பியிடம் கேட்பாள். தம்பி ஜெயக்குமார் வண்டியைத் துடைக்கப் போய்விடுவான்.

ஜெயக்குமார் குட்டியானை ஓட்டுகிறான். அந்தச் சின்ன லோடு வண்டியில் மாமல்லபுரத்துக் கரையோரக் குப்பங்களிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு வருகிறவன், ஒரு நாள் மீனோடு காதலையும் ஏற்றிக்கொண்டு வந்தான். காயத்ரி அந்தக் கரையோரப் பெண். அவள் தன் சாமியை விடவில்லை, இவனும் விடச் சொல்லவில்லை. அந்த வீட்டில் சண்டை என்று வந்ததெல்லாம் குழம்பில் உப்புக்காகத்தான். நாத்தனாருக்கும் அவளுக்கும் முதலில் அவ்வளவு ஒட்டுதல் கிடையாது. ஜெஸ்ஸியின் வாய்க்கு யார்தான் சட்டென்று ஒட்டுவார்கள்?

ஒட்ட வைத்தது ஒரு ஐப்பசி மழை. காயத்ரிக்கு நாள் இருக்கும்போதே மத்தியானத்தில் வலி எடுத்துவிட்டது. ஜெயக்குமார் காஞ்சிபுரத்தில் லோடு இறக்கிக்கொண்டிருந்தான். ஆட்டோ எதுவும் வரவில்லை. ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்றார்கள், கிளம்பிக்கொண்டே இருந்தது. ஜெஸ்ஸி கைகளை ஊன்றி நகர்ந்துவந்து ஸ்கூட்டியில் ஏறினாள். “வா, பின்னாடி குந்து” என்றாள். பாலாற்றுப் பாலத்தின்மேல் மழை முகத்தில் அறைந்தது.

“அண்ணி, பயமா கீது அண்ணி.”

“பயந்தா இன்னா பண்ணுவ, எறங்கி நடப்பியா? கெட்டியா புட்சுக்கோ.”

காயத்ரி கெட்டியாகத்தான் பிடித்துக்கொண்டாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இறங்கின கொஞ்ச நேரத்தில் பிறந்தாள் சங்கவி. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து முதலில் நீட்டியது ஜெஸ்ஸியின் மடியில்தான். அன்றிலிருந்து காயத்ரிக்கு அண்ணி வார்த்தை வேத வார்த்தை.

பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று ஜெயக்குமார் தயங்கித் தயங்கி ஆரம்பித்தபோது, காயத்ரி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “குடுத்துக்கோ. ஆனா அண்ணிதான் தூக்கணும், அண்ணிதான் பேரு சொல்லணும். இல்லாங்காட்டி வேணாம்.” ஞானஸ்நானத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. தொட்டியருகே ஞானத்தாய் பிள்ளையை ஏந்திக்கொண்டு நிற்பாள். ஆயர் பெயரைக் கேட்பார். அவள் சொல்வாள். அவள் சொன்ன பெயரைச் சொல்லித்தான் அவர் தண்ணீர் வார்ப்பார். கல்யாணம், பிள்ளை என்று எதுவும் வாய்க்காத ஜெஸ்ஸிக்கு, வாழ்க்கையில் ஒரு பிள்ளைக்குத் தாய் என்று பெயர் வரப்போகிற ஒரே இடம் அந்தத் தொட்டியடி. அந்தத் தொட்டியோ உள்ளே, பீடத்துக்குப் பக்கத்தில், கல்லில் பதித்து வைத்தது.

ஆயர் சின்ன வயசுக்காரர், யாரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாதவர். “அதுக்கென்னம்மா, ஒரு கிண்ணத்துல தண்ணி எடுத்துக்கினு வந்து மரத்தடியிலயே குடுத்துடலாமே” என்றார்.

“எம்புள்ள இன்னா தெருவுலயா பொறந்துச்சு?” என்றாள் காயத்ரி.

அந்த ஒரு கேள்விதான் சாய்தளமாக முளைத்தது. கமிட்டியில் பேசினார்கள். படூரில் அடுக்குமாடியில் குடியிருக்கிற ஒரு குடும்பத்தார், தங்கள் அம்மாவின் ஞாபகமாகக் கட்டித் தருகிறோம் என்று முன்வந்தார்கள். சபைச் செயலாளர் மாசிலாமணி முன்னே நின்று வேலையைத் தொடங்கினார். மாசிலாமணி ரிட்டையர் ஆன விளையாட்டு வாத்தியார். விசில் போய்விட்டாலும் குரல் இருக்கிறது. கெட்ட மனுஷர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஜெஸ்ஸி மழையில் நனைகிறாளே என்று கமிட்டியில் முதலில் பேசியவரே அவர்தான்.

ஆனால் படிக்குப் பக்கத்துச் சுவரில் பழைய பாதிரியார் வைத்த மூலைக்கல் இருந்தது. அது மறையக் கூடாது என்று சாய்தளத்தை நீட்டாமல் குறுக்கிக் கட்டச் சொன்னார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அது சாய்தளமாக இல்லை, பார்க்கில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுவார்களே, அதுவாக இருந்தது. ஜெயக்குமார் அக்காவை நாற்காலியில் வைத்து மூச்சைப் பிடித்துத் தள்ளினான். பாதி ஏறியதும் நாற்காலி அவனையும் இழுத்துக்கொண்டு கீழே வந்தது. உடைத்தார்கள். மறுபடி கட்டடத்தின் பக்கவாட்டில் சுற்றி, நல்ல நீளமாக, பக்கக் கதவு வரைக்கும் கட்டினார்கள். ஆடி மாதம் முடிந்துவிட்டது. ஜெஸ்ஸி வெள்ளை சாட்டின் துணி வாங்கித் தன் கையாலேயே பிள்ளைக்கு நீள அங்கி தைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கியோடு வந்தபோதுதான் சங்கிலியைப் பார்த்தாள்.

“பேராயர்கிட்ட தேதி கேட்டிருக்கோம்மா. வந்து தொறந்து வெப்பாரு. கூட்டத்தோட கூட்டமா அன்னிக்கே ஞானஸ்நானமும் வெச்சுக்கலாம், எவ்ளோ விசேஷம்!” என்றார் மாசிலாமணி, தான் கொடுக்கிற பரிசு அது என்ற பூரிப்போடு. ஜெஸ்ஸிக்கும் அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. எத்தனையோ வருஷம் பொறுத்தாயிற்று, இன்னும் நாலு வாரம்தானே.

நாலு வாரத்தில் பேராயத்தில் தேர்தல் வந்தது. தேதி தள்ளிப் போனது. அறுப்பின் பண்டிகைக்கு வருவார் என்றார்கள். பேராயர் வெளிநாடு போய்விட்டார். கிறிஸ்துமஸ் சமயத்தில் அவரைக் கேட்கவே முடியாது. பொங்கல் கழிந்து தேதி கிடைத்தது. மாசிலாமணி பந்தலுக்கே சொல்லிவிட்டார். அந்த வாரம் பேராயருக்குக் கண்ணில் ஆபரேஷன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி இருக்கிற இடமே தெரியவில்லை.

பிள்ளை யாருக்காகக் காத்திருக்கும்? சுவரைப் பிடித்து நின்றாள். கையை விட்டு நடந்தாள். பல் முளைத்தது. வெள்ளை அங்கி அவள் முழங்காலுக்கு ஏறிவிட்டது. ஜெஸ்ஸி இன்னொன்று தைத்தாள், அதுவும் சின்னதாகிப் போயிற்று.

அதற்கிடையில் காயத்ரியின் அம்மா சொர்ணம் தன் பங்குக்கு ஒன்று செய்தாள். ஒரு வெள்ளிக்கிழமை போன் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை எங்க அம்மன் கோயிலில் பிள்ளைக்குக் காது குத்து, எல்லாரும் வந்துவிடுங்கள் என்றாள். கோயில் கடலோரம், நடுவில் முழுக்க மணல். ஜெஸ்ஸியின் நாற்காலிச் சக்கரம் மணலில் புதைந்தது. நான் இங்கேயே இருக்கிறேன் என்று அவள் பழக்கப்படி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, படகை மேலேற்றப் போடுகிற பலகைகளை நாலு பேர் கொண்டுவந்து வரிசையாகப் போட்டார்கள். “வா தாயி” என்றார்கள். அவளாகவே உருட்டிக்கொண்டு போனாள், பிள்ளை தாய்மாமன் மடியில் வீறிட்டதைப் பார்த்தாள், திரும்பி வந்தாள். அவர்கள் பலகையை எடுத்துக்கொண்டு தங்கள் வேலைக்குப் போனார்கள்.

“ஒங்க கோயில்ல இன்னும் ஆவலியா?” என்று சொர்ணம் கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை. அதனால்தான் ஜெஸ்ஸிக்கு இன்னும் கூசியது.

மறுநாள் வேலை முடிந்ததும் நேரே மாசிலாமணி வீட்டு வாசலில் போய் ஹாரன் அடித்தாள். அவர் துண்டோடு வெளியே வந்தார்.

“சார், ஒரு நாளு சங்கிலிய அவுத்து வுடுங்க. புள்ளைக்கு ஞானஸ்நானம் முட்சுட்டு எறங்கிடறோம். அப்பாலக்கி மறுபடியும் கட்டிக்கோங்க.”

“யம்மா ஜெஸ்ஸி, புது வூடு கட்டுனா பால் காய்ச்சாம யாராவது உள்ள போயி படுப்பாங்களா?”

“நான் படுக்கவா கேக்கறேன்? ஏறத்தான் கேக்கறேன்.”

“பேராயருக்குச் சொல்லிட்டு, அவரு வர்றதுக்கு முன்னாடி நாமளே தொறந்துக்கினா, அவரு நம்ம சபையப் பத்தி இன்னா நெனப்பாரு?”

“இன்னா நெனப்பாருன்னு அவரையே கேட்டீங்களா?”

“அதெல்லாம் கேக்கற விஷயமா?” என்றார் மாசிலாமணி, பேராயரையே அவமதித்துவிட்டதைப் போல. “வாராவாரம் சனிக்கெழம நானே வெளக்குமாறு எடுத்துப் பெருக்கறேன் தெரியுமா? ஒரு புங்க எல கூட அதுமேல கெடக்க வுடறதில்ல. அவரு கால் வெக்கற எடம்மா அது.”

அவர் பெருக்குவது உண்மைதான். ஜெஸ்ஸியே பார்த்திருக்கிறாள். தனக்காகக் கட்டியதை வேறொருவர் காலுக்காகப் பெருக்குகிற மனுஷரிடம் என்னத்தைப் பேசுவது? ஆயரிடம் போனாள். “கமிட்டி சொன்னா நான் ரெடிம்மா” என்றார். கமிட்டிக்காரர்களைக் கேட்டாள். “ஆயர் சொல்லட்டும், நாங்க வேணாம்னா சொல்லப் போறோம்?” என்றார்கள். அந்தப் பந்தை இரண்டு பக்கமும் தட்டி விளையாடினார்கள், நடுவில் அவள் ஓடிக்கொண்டிருந்தாள். ஓட முடியாதவளை ஓட விடுவதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும்.

ஈஸ்டரும் போயிற்று. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஜெயக்குமார் மத்தளமாகிப் போனான். ஒரு பக்கம் மாமியார் வீடு, ஒரு பக்கம் சபை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“அக்கா, ஒரே ஒரு நாளு. நானே ஒன்ன தூக்கிக்கினு படியேறுறேன். வேற எவனும் தொட மாட்டான். பேஜாரு வுட்டுப் பூடும்.”

ஜெஸ்ஸி சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

“நைனா தூக்கல?” என்றான் அவன், இன்னும் மெதுவாக.

“நைனா தூக்கசொல்லோ எனக்கு வேற வழி இல்லடா. இப்ப வழி கீது. கட்டி, வெள்ள அட்சு, மூடி வெச்சுக்கீறானுங்க. மூடி வெச்சவன வுட்டுட்டு என்ன ஏன்டா வளைக்கற?” குரல் எங்கேயோ போய் உடைந்தது. “இத்தினி வருசம் மழையில நனஞ்சது எதுக்குடா? நான் கொழுப்பெடுத்தா ஒக்காந்துகினு இருந்தேன்?”

ஜெயக்குமார் கை கழுவிவிட்டு எழுந்தான். “நான் போயி அந்தச் சங்கிலிய அறுத்துடறேன்” என்று வண்டியிலிருந்து இரும்புக் கம்பியை எடுத்தான்.

“அறுத்துட்டு? நான் ஏறிப் போயி ஒக்காருவேன். ஆயரு வந்து ஞானஸ்நானம் குடுப்பாரா?”

அவன் கம்பியை மறுபடியும் வண்டிக்குள் போட்டான். காயத்ரி பிள்ளையைத் தூக்கிக் கொண்டுவந்து ஜெஸ்ஸியின் மடியில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

ஒரு வழியாக ஆனி மாதத்தில் பேராயர் வந்தார். வாழை மரம், சீரியல் பல்பு, ஊர் எல்லையிலிருந்து பேண்டு வாத்தியம், எல்லாம் இருந்தது. வெள்ளைக் கவுன் போட்ட சங்கவியை மடியில் வைத்துக்கொண்டு ஜெஸ்ஸி சாய்தளத்தின் அடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இது மூன்றாவது தைத்தது. அங்கி என்று சொல்ல முடியாது, ஓடியாடுகிற பிள்ளை போடுகிற கவுன். பிள்ளை மடியில் நிற்காமல் நெளிந்தாள். பேராயர் காரிலிருந்து இறங்கியபோது ஜெஸ்ஸி அவரை ஒரு வருஷக் கோபத்தோடு பார்த்தாள். மெலிந்த, கறுப்புக் கண்ணாடி போட்ட, களைத்துப்போன ஒரு மனுஷர்.

மாசிலாமணி மைக்கைப் பிடித்தார். அவருடைய வாழ்நாளில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை. “மதிப்புக்குரிய பேராயர் அவர்களே! இந்தச் சாய்தளம் கட்டி முடித்து ஒரு வருடமாக, ஒரு குருவி கூட உட்காராமல், தங்கள் திருக்கரத்துக்காகவே காத்திருக்கிறது!” என்று முழங்கினார். கை தட்டினார்கள்.

பேராயர் கை தட்டவில்லை. “ஒரு வருஷமாவா?” என்று கேட்டார். மைக் மாசிலாமணியின் கையில் இருந்தது, அணைக்கவில்லை. “ஏன் மூடி வெச்சீங்க? ஆயரே ஜெபம் பண்ணித் திறந்திருக்கலாமே. என்கிட்ட தேதிதானே கேட்டீங்க? இதுக்காக ஆள் காத்திருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலையே. சொல்லியிருந்தா அன்னிக்கே திறந்துடுங்கன்னு போன்லயே சொல்லியிருப்பேன்.”

பந்தல் முழுக்க அது கேட்டது. மாசிலாமணி துண்டால் முகத்தைத் துடைத்தார். ஆயர் தன் கையிலிருந்த மாலையைக் குனிந்து பார்த்தார். ஜெஸ்ஸிக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஒரு வருஷமாக யார்மேல் கோபத்தை வைத்திருந்தாளோ, அவர் கேட்காத மரியாதை அது. யாரும் கேட்காத மரியாதை. அதற்காகத்தான் அவளை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். இந்தக் கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய் இறக்குவது?

சங்கிலி இருந்த இடத்தில் கட்டியிருந்த ரிப்பனை வெட்டினார்கள். பேராயர் நடந்தார், பின்னால் கமிட்டி, படூர் குடும்பத்தார், பாடகர் குழு. தள்ள வந்த தம்பியின் கையைத் தட்டிவிட்டு, ஜெஸ்ஸி தானே சக்கரத்தைப் பிடித்து உருட்டினாள். இரண்டு கையும் சக்கரத்துக்கு வேண்டியிருந்ததால் சங்கவி மடியிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கினாள். இறங்கினவள் தத்தித் தத்தி அவளுக்கு முன்னால் ஏறினாள். நெஞ்சோடு அணைத்துக் கொண்டுபோக வேண்டிய பிள்ளை திரும்பிப் பார்த்து, “அத்த, வா” என்று கூப்பிட்டது. பார்த்தவர்களெல்லாம் அதை எவ்வளவு அழகு என்றார்கள். ஜெஸ்ஸிக்கு அழகாக இல்லை. கைக்குழந்தையாக அவளை ஒரு தடவை இந்த வழியில் கொண்டுபோயிருக்கலாம். அந்த நாளை இனி எந்தப் பேராயர் வந்து திறந்து கொடுப்பார்?

தொட்டியருகே பேராயரே நின்றார். ஜெயக்குமார் பிள்ளையைத் தூக்கி ஜெஸ்ஸியின் மடியில் வைத்தான். காயத்ரி பக்கத்தில் வந்து நின்றாள். வாக்குறுதிகளைக் கேட்டார், ஜெஸ்ஸி எல்லாவற்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னாள். பேராயர் மைக்கைத் தாழ்த்திப் பிடித்துக் கேட்டார், “இந்தப் பிள்ளையின் பெயர் என்ன?”

ஜெஸ்ஸி வாயைத் திறந்தாள். தெருவில் போகிற வருகிறவர்களெல்லாம் இந்தக் கேள்வியைத்தான் சங்கவியிடம் கேட்பார்கள். பிள்ளைக்கு விடை தெரியும்.

“தங்கவி!” என்றாள் மைக்கில்.

கோயில் அதிரச் சிரித்தார்கள். ஆயர் சிரித்தார், மாசிலாமணிகூடச் சிரித்தார். பேராயரும் சிரித்துக்கொண்டே, “சரி, அவளே சொல்லிட்டா” என்று தண்ணீரில் கையை விட்டார்.

“நில்லுங்கய்யா” என்றாள் ஜெஸ்ஸி.

சிரிப்பு இங்கொன்றும் அங்கொன்றுமாக அடங்கியது.

“நான் சொல்லணும். அவ பேசக் கத்துக்கறதுக்கு முன்னாடியே நான் சொல்லியிருக்கணும். கைக்கொழந்தையா இருக்கசொல்லோ சொல்லியிருக்கணும். அவ நடந்து, பேசற வரைக்கும் என்ன வெளியில ஒக்கார வெச்சுட்டீங்க. அவ சொன்னதும் போதும்னுட்டா எப்டி? இந்த ஒரு வார்த்தைக்குத்தான்யா நான் உள்ள வந்தேன்.”

பேராயர் தண்ணீரிலிருந்து கையை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றி அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு மைக்கை ஆயரிடம் கொடுத்துவிட்டு, முதலிலிருந்து கேட்டார்.

“இந்தப் பிள்ளையின் பெயர் என்ன?”

மறுபடியும் சொல்லத் துள்ளிய பிள்ளையின் வாயைக் காயத்ரி மெல்லப் பொத்திக்கொண்டாள்.

“சங்கவி” என்றாள் ஜெஸ்ஸி.

பேராயர் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லித் தண்ணீரை அள்ளினார்.